என் பேரில் ஒன்றுமில்லை

உட்காருங்க அண்ணாச்சி. கல்லு இன்னும் காயலை. பஞ்சர்க்காரன் அரைமணி நேரம்னு சொன்னா ஒருமணி நேரம்னு வச்சுக்கிடுங்க. அவன் இப்பத்தான் டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டு இருக்கான். அதுக்குள்ள நான் உருண்டை போட்டுருவேன். முதல் ஈடு பரோட்டா உங்களுக்குத்தான்.

போன் அடிக்குது, எடுங்க.

யாரு, லோன் வேணுமான்னு கேட்டாளா? நீங்க கட் பண்ணின வேகத்திலேயே தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒருத்தியும் அடிக்க மாட்டாள். என் பேரைத் தட்டிப் பார்த்தா அவுக கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வராது. தொடச்சு வச்ச கல்லு மாதிரி இருக்கும். அப்படி ஆக்குறதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சொல்லுதேன். மாவும் ஊறணும்லா.

என் பேரு திருமலை. இந்தப் புளியங்குடியில திருமலை மாஸ்டர்னு கேட்டா, எலுமிச்சங்காய் ஏத்த வர்ற லாரிக்காரன்கூடக் கை காட்டுவான். இது ராஜமணி முதலாளி கடை. வயசுப் பையனா வந்து கல்லு முன்னால நின்னவன், இன்னும் நிக்கேன். இத்தனை வருசத்தில ஒருத்தன்கிட்ட கடன்னு கையை நீட்டினது கிடையாது. டீ குடிச்சாக்கூட துட்டை மேசையில வச்சுட்டுத்தான் கிளாஸைத் தொடுவேன்.

ஊர்ல பார்க்கேன்லா. மார்க்கெட்ல மூட்டை தூக்குறவன் தவணையில பைக் வாங்குதான். தவணையில போன் வாங்குதான். தவணையில கட்டில் வாங்கிப் போட்டு, அதுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு ராசா மாதிரி கால் ஆட்டுதான். படுக்கிறது இவன், கட்டில் ஃபைனான்ஸ்காரனோடது. இதெல்லாம் ஒரு படுக்கையா?

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஒருத்தன் இருக்கான். குத்தாலம்னு பேரு. என் வீட்டம்மா ஆவுடையம்மாவோட தம்பி. மச்சினன்னு சொல்ல எனக்கு வாய் கூசுது. ஆட்டோ ஓட்டுதான். ஆட்டோவும் கடன், அதுக்கு மேல போட்டிருக்கிற படுதாவும் கடன். என்னைப் பார்த்தா, "மச்சான் சௌக்கியமா"ன்னு பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லாவது சொந்தமா இருக்கும்னு நினைக்கேன். அவன் பேரை மறந்துராதீங்க. பெறவு வருவான்.

எனக்கு ஒரே மகள். இசக்கிப்ரியா. பிளஸ் டூவில நல்ல மார்க்கு. நர்சிங்தான் படிப்பேன்னு நின்னாள். நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல சீட்டும் கிடைச்சது. இன்ன தேதிக்குள்ள பணம் கட்டணும், இல்லைன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும்னு சொல்லிட்டாங்க. அவ்வளவு பணத்துக்கு எங்க போக? பேங்க்ல படிப்பு லோன் கொடுக்காங்க, தகப்பன் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டா போதும்னு பள்ளிக்கூடத்து டீச்சரே சொன்னாங்க.

நீங்க கேப்பீங்க, கடனே வாங்காதவன் அதுக்கு மட்டும் எப்படிச் சம்மதிச்சேன்னு. அண்ணாச்சி, படிப்புக்குக் கொடுக்கது கடன் கிடையாது. பேருதான் லோன். அது கவர்மெண்டு நம்ம பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

சரின்னு வெள்ளை வேட்டி கட்டி, மகளைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு இருந்தாள். எங்கேயோ மாயவரம் பக்கமாம், பேச்சே ஒரு தினுசா இருக்கும். என் ஆதார் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டர்ல தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கு. எழுநூத்தம்பதுக்கு மேல. முன்னாடி ஒரு லோன் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாம கட்டி முடிச்சிருக்கீங்க. இப்படிப்பட்டவங்களுக்குக் கொடுக்கத்தான் நாங்க ஆசைப்படுறோம்" என்றாள்.

நினைச்சுப் பாருங்க. பேங்க் நிறைய ஆளுக. எனக்குப் பின்னால எண்ணெய்க் கடைக்காரர் உட்கார்ந்திருக்கார், பக்கத்துல ரெண்டு லோடுமேன்கள். அத்தனை பேர் முன்னால ஒரு பொட்டப்பிள்ளை என்னைப் பார்த்து நீ கடன் வாங்கினவன்னு சொல்லுதாள். அதுவும் சிரிச்சுக்கிட்டே சொல்லுதாள்.

எம்மா, ஆள் மாறிப்போச்சு, நல்லாப் பாருன்னு சொன்னேன். அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வச்சு, மகளை வாசிக்கச் சொன்னாள். என் பேரு. என் ஆதார் நம்பர். எங்க வீட்டுக் கதவு நம்பர். மகளிர் குழுக் கடன். கடன் வாங்கினவர் ஆவுடையம்மாள், இணைக் கடன்தாரர் திருமலை. இணைக் கடன்தாரராம். மாலையும் கழுத்துமா நிக்கிற மாதிரில்லா சொல்லுதான் படிச்சவன்.

மகள் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாள். "அப்பா, அது நல்லதுன்னுதான்பா சொல்லுதாங்க. கையெழுத்தைப் போடுங்க."

தப்பா எழுதி வச்சிருக்கிற இடத்தில நான் கையெழுத்துப் போட்டா, அது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமா ஆகாதா? நீங்களே சொல்லுங்க. பேனாவை மேசையில வச்சுட்டு எழுந்தேன். முதல்ல என் பேரைச் சுத்தம் பண்ணிட்டு வாரேன், பெறவு மத்ததைப் பேசுவோம்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். எண்ணெய்க் கடைக்காரர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்தா, ஆவுடையம்மா மடியில சொளவு, அதான் முறம், அதை வச்சுக்கிட்டு பீடி சுத்திக்கிட்டு இருக்காள். எங்க வீட்டுல பகல் பூரா அதுதான் வேலை. கேட்டேன். அவள் தலை நிமிரலை. ஆமா, வாங்கினேன், கட்டிட்டேன் என்கிறாள். கத்திரிக்காய் வாங்கினேன்னு சொல்லுத மாதிரி.

என்ன செஞ்சே அந்தப் பணத்தைன்னு கேட்டேன்.

"தின்னோம்" என்றாள்.

பொய் சொல்லுதவளுக்கு அதுக்கு மேல ஒரு வார்த்தை வராதுலா. எப்படிப்பட்ட பொய்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்னா அவள் லோன் வாங்கின வருசக் கதையைச் சொல்லணும். இருங்க, இந்த மாவை ஒரு தட்டுத் தட்டிக்கிடுதேன்.

அந்த வருசம் இதே கடையில, இந்தா இந்த இடத்தில, எண்ணெய் சிந்திக் கெடந்தது தெரியாம வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு ரெண்டா முறிஞ்சுட்டு. மாவு பிசையிற கைக்கே மாவுக்கட்டு. பரோட்டா மாஸ்டருக்கு மணிக்கட்டு போனா என்ன இருக்கு? அஞ்சு மாசம் வீட்டோட கெடந்தேன். தினச் சம்பளக்காரன். நின்னாத்தான் துட்டு.

ஆனா பாருங்க, என் மனசுல ஒரு கவலை கிடையாது. என்ன காரணம்னா, விழுந்த மறுநாளே முதலாளி என் வீட்டுக்கு வந்தார். கையில ஹார்லிக்ஸ் பாட்டில். வாசப்படியில நின்னுக்கிட்டு, கவலைப்படாதீங்க மாஸ்டர், நாங்க இருக்கோம்னு சொன்னார். உள்ளேகூட வரலை, அவ்வளவு வேலை அவருக்கு. ஆனா சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். அரிசிக்குத் தட்டுப்பாடு இல்லை. மருந்து மாத்திரைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஞாயித்துக்கிழமை கறிக்கும் தட்டுப்பாடு இல்லை. பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ்கூட மாசாமாசம் போச்சு. ஒரு நாள் ஆவுடையம்மாகிட்ட கேட்டேன், எப்படிம்மா ஓடுதுன்னு. "அதான் உங்க முதலாளி இருக்காருல்லா" என்றாள். அதுக்குப் பெறவு நான் கேட்கவே இல்லை. நிம்மதியாத் தூங்கினேன்.

கட்டுப் பிரிச்சு வேலைக்கு வந்த அன்னைக்கு, கல்லாவுல இருந்த முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன்னு சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கலை. சரி சரி, கல்லைப் பாருங்க, ஆளுக நிக்காங்கன்னுட்டார். செஞ்சதைச் சொல்லிக்காட்டாத மனுசன். இந்தக் காலத்தில அப்படி எத்தனை பேர் இருக்கான்?

ஆக, எங்களுக்குச் சோறு போட்டது முதலாளி. அப்ப லோன் பணம் எங்க போச்சு? அதே வருசம் குத்தாலம் புது ஆட்டோ எடுத்தான். இதைக் கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வரணுமா? தம்பிக்கு அள்ளிக் கொடுத்துட்டு, தின்னோம் என்கிறாள்.

மகள் ஏதோ சொல்ல வந்தாள். "அப்பா, முதலாளி எங்க..." அப்படின்னு ஆரம்பிச்சாள். ஆவுடையம்மா சொளவுல இருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பிள்ளை வாயை மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாள். தம்பியைக் காப்பாத்துறதுக்கு மகளையும் மிரட்டி வச்சிருக்காள் பாருங்க.

இந்தக் குழு எப்படி நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்குக் கூடுவாங்க. நான் கடையடைச்சு வீட்டுக்குப் போய்ப் படுக்க ரெண்டு மணி ஆகும். பதினோரு மணிக்குத்தான் முழிப்பேன். பரோட்டாக் கடையில வேலை பார்க்கிறவனுக்குக் காலைங்கிறதே கிடையாது. எங்க தெரு முக்குல பத்துப் பொம்பளைக சேர்ந்து ராகமா ஏதோ சொல்லுவாங்க. தூக்கத்தில கேட்டுக்கிட்டு, முளைப்பாரிப் பாட்டு பழகுதாங்கன்னு நினைச்சுக்கிடுவேன். பார்த்தா அது உறுதிமொழியாம். வாங்கின கடனை ஒழுங்காக் கட்டுவோம், ஒருத்தி கட்ட முடியலைன்னா மத்தவங்க சேர்ந்து கட்டுவோம்னு. ஒருத்தி கடனை இன்னொருத்தி கட்டுவாளாம். இதை நம்பி ஒரு கம்பெனி பணத்தைக் கொடுக்கான். மூளை இருக்கவன் செய்யிற வேலையா?

அதுல எப்படி என் பேர் வந்ததுன்னுதானே கேக்கீங்க? மாவுக்கட்டோட கெடந்த காலத்தில, ஒரு நாள் காலையில நல்லாத் தூங்குறவனை எழுப்பி வாசல்ல நிப்பாட்டினாள். மீசை முளைக்காத ஒருத்தன் எங்க ரெண்டு பேரையும் போட்டோ எடுத்தான். வலது கை கழுத்துல தொங்குது. இடது கைப் பெருவிரலை ஒரு மிஷின்ல வைக்கச் சொன்னான். ரேஷன் கடையில விரல் வைக்கோம், சிம் கார்டுக்கு வைக்கோம், எதுக்குன்னு கேட்டா வைக்கோம்? கை ஒடிஞ்சதுக்கு இன்சூரன்ஸ் வரும்போலன்னு நினைச்சு வச்சுட்டு, மறுபடி போய்ப் படுத்துட்டேன். அதைத்தான் கடன்னு எழுதிப்பிட்டான்.

விடலாமா? விடலை. இ-சேவை மையம் வச்சிருக்கிற செல்லத்துரைகிட்ட போனேன். கம்ப்யூட்டர்ல புகார் எழுதித் தருவான். அவன் என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துட்டு, "இது நல்ல என்ட்ரில்லா மாஸ்டர். எல்லாரும் கெட்டதை எடுக்கணும்னு வருவாங்க. நீங்க என்ன நல்லதை எடுக்கச் சொல்லுதீங்க?" என்கிறான்.

மோர்ப் பானையில பல்லி விழுந்தா அது நல்ல பல்லியா கெட்ட பல்லியான்னா பார்ப்போம்? நீ எழுதுலேன்னு சொன்னேன். எழுதினான். எழுதினதுக்குத் துட்டும் வாங்கினான்.

கடன்காரங்க கணக்கைச் சேர்த்து வைக்கதுக்குன்னு ஒரு கம்பெனி இருக்காம். அங்க புகார் போகும். அவன் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியைக் கேப்பானாம். இவன் பதில் சொல்ல ஒரு மாசமாம். ஒரு மாசம் கழிச்சு, விவரம் சரியாத்தான் இருக்குன்னு பதில் வந்தது. திருடன்கிட்டயே போய், நீ திருடினியான்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கான். மறுபடியும் போட்டேன்.

இதுக்கிடையில மகள். ஒரு நாள் சாயங்காலம் கடைக்கே வந்துட்டாள். இந்தா நீங்க உட்கார்ந்திருக்கிற பெஞ்சுப் பக்கம்தான் நின்னாள். காலேஜ்ல கெஞ்சிக் கூத்தாடி தேதியைத் தள்ளி வாங்கியிருக்காளாம், இதுக்கு மேல தள்ள மாட்டாங்களாம்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்கப்பா. பெறவு எவ்வளவு வேணா சண்டை போடுங்க. சீட்டு போயிரும்."

பேர் போனபெறவு சீட்டு இருந்து என்ன செய்யன்னு கேட்டேன். அவள் அழலை. நான் பரோட்டா வீசுறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னாள். பெறவு போயிட்டாள். படிப்பு ஏற ஏறப் பிள்ளைகளுக்குத் தகப்பன் மானம் பெருசாத் தெரியறதில்லை.

அதுக்குப் பெறவுதான் நேரா சங்கரன்கோவில் போனேன். அங்கதான் ஃபைனான்ஸ்காரன் ஆபீஸ். ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வச்சு, உள்ளே எல்லாம் கழுத்துல கயிறு கட்டித் தொங்கவிட்ட பயலுக. போட்டோவை எடுத்துக் காட்டினான். நானும் அவளும் வாசல்ல நிக்கோம். இது நீங்கதானேன்னு கேட்டான். நான்தான், ஆனா தூங்குறேன், கண்ணைப் பாருன்னு சொன்னேன். கையெழுத்து எங்கேன்னு கேட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தெரிஞ்சவன்கிட்ட எதுக்கு ரேகை வாங்கினே, அதுவும் இடது கையில? மேனேஜர் பயல் நாளைக்கு வாங்கன்னான். தினமும் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுப் போய் அந்தக் கண்ணாடிக் கதவு பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே போற ஒவ்வொரு பொம்பளைகிட்டயும், உங்க புருசன் விரலைப் பத்திரமா வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன். சிலது சிரிக்கும், சிலது யோசிக்கும்.

கடைசியில மேனேஜரே எழுந்து வந்தான். "கட்டி முடிஞ்ச கடன்தானே பெரியவரே. உங்க பேரை எடுத்துட்டா எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. உங்களுக்குத்தான்..." அப்படின்னு இழுத்தான். நீ எடுன்னு சொன்னேன். எடுத்துட்டான். ஆவுடையம்மா பேர் மட்டும் அதுல இருக்கும்னான். அவள் வாங்கினாள், அவள் பேர் இருந்துட்டுப் போகட்டும்.

புது ரிப்போர்ட் வந்தது. அதைத்தான் செல்லத்துரை கடையில லேமினேஷன் போட்டு, இந்தா மசாலா டப்பாவுக்கு மேல மாட்டி வச்சிருக்கேன். கண்ணாடி போட்டிருக்கீங்கல்லா, பாருங்க. திருமலை. அதுக்குக் கீழ ஒண்ணுமில்லை. எத்தனை பேர்கிட்ட இருக்கும் இப்படி ஒண்ணு?

மறுநாளே பேங்குக்குக் கிளம்பினேன். காலேஜ்காரன் கொடுத்த கடைசித் தேதிக்கு முந்தின நாள் அது. மகளும் வந்தாள். ஆவுடையம்மா நானும் வாரேன்னு மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வந்தாள். நீ எதுக்குன்னு கேட்டேன். சும்மா வாரேன் என்றாள். அதே பொண்ணு. தட்டினாள். முகத்தில சிரிப்பைக் காணோம்.

"ஐயா, என்ன பண்ணுனீங்க? இதுல ஒண்ணுமே இல்லையே?"

அதுக்குத்தானம்மா இத்தனை அலைச்சல்னு நான் சிரிச்சேன். அவள் எழுந்து உள்ளே மேனேஜர் ரூமுக்குப் போனாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கடன் வாங்கிக் கட்டின வழக்கமே இல்லாதவரை எதை வச்சு நம்புறது, வேற யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க என்கிறார்.

கேட்டீங்களா அநியாயத்தை? பொண்ணு கேட்டு வந்தவன்கிட்ட, நீ இதுக்கு முந்தி எத்தனை பேரைக் கட்டி வாழ்ந்திருக்கேன்னு கேட்டு, ஒண்ணுமில்லைன்னா உனக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லுவாங்களா? அதைத்தான் அவரு சொல்லுதாரு. நான் கேட்டேன், ஊர்ல யோக்கியனுக்கு ஒரு ரேட்டு, கடன்காரனுக்கு ஒரு ரேட்டான்னு. அந்த மேனேஜர் பேனா மூடியைக் கழட்டுதார், போடுதார். அவருக்கு என்ன தெரியும்? கோட்டு போட்ட பரோட்டா அது. வெளியதான் மொறுமொறுப்பு.

தலை கொதிச்சுட்டு. வெளியே போய் ஒரு டீ குடிச்சேன். எதிர்க்கடைக்காரன்கிட்டயும் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் விவரமான ஆளு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். திரும்பி உள்ளே போறேன், அந்தப் பொண்ணு முன்னால என் நாற்காலியில ஆவுடையம்மா உட்கார்ந்திருக்காள். மஞ்சப்பையில இருந்து பீடிக் கம்பெனி பாஸ்புக்கை எடுத்து மேசையில வச்சிருக்காள். இத்தனை வருசமா வாரச் சம்பளம் ஏறினது பூரா அதுல இருக்கு. அந்தப் பொண்ணு முகத்தில பழைய சிரிப்பு வந்துட்டு. "அம்மா ஸ்கோர் ஐயாவோடதைவிட நல்லா இருக்கே. அம்மா பேர்லயே செஞ்சிரலாம்" என்கிறாள். தண்ணி எடுத்துட்டு வந்து கொடுக்காள். ஆவுடையம்மா காட்டின இடத்துல எல்லாம் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிக் கையெழுத்துப் போடுதாள். மகள் பக்கத்துல நின்னு தாளைப் புரட்டிக் கொடுக்காள். நான் வந்து நின்னதை ரெண்டு பேரும் பார்க்கலை.

கடன்காரிக்குக் குடிக்கத் தண்ணி. யோக்கியனுக்கு வாசல். இதான் அண்ணாச்சி இன்னைக்கு நாடு.

பிள்ளை காலேஜுக்குப் போயிட்டாள். போன அன்னைக்குக் காலையில குத்தாலம்தான் ஆட்டோ கொண்டு வந்து பெட்டியை ஏத்தி, தாயையும் மகளையும் பஸ் ஸ்டாண்டுல விட்டிருக்கான். அந்த ஆட்டோவுல என் பங்கும் இருக்குல்லா, ஏறட்டும். நான் முழிக்கும்போது வீட்டுல யாருமில்லை. அப்பா ராத்திரி பூரா நின்னுட்டு வந்து படுத்திருக்காரு, எழுப்ப வேண்டாம்னு நினைச்சிருக்கும். பாசக்காரப் பிள்ளை.

ஆவுடையம்மாவை மட்டும் நான் சும்மா விடலை. இனிமே அந்தக் குழுப் பக்கம் தலை வச்சுப் படுத்தேன்னா, நான் இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னுட்டேன். சரின்னுட்டாள். ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. செவ்வாய்க்கிழமை வாசல்ல வந்து கூப்பிட்ட பொம்பளைகளை, நான் வரலை, என் இடத்தில வேற ஆளைச் சேர்த்துக்கிடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாள். நான் படுக்கையில கிடந்து கேட்டேன். அடக்கினா அடங்கத்தான் செய்வாங்க.

கல்லு ஆவி பறக்குது, பார்த்தீங்களா. இந்தா ஒரு வீச்சு. ம்ம். ஒண்ணுமில்லை அண்ணாச்சி, இந்த மணிக்கட்டுதான். முறிஞ்ச இடம் மறுபடி வீங்கிட்டு. தென்காசியில டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தகடு வைக்கணுமாம், மூணு நாலு மாசம் கல்லுப் பக்கமே போகக்கூடாதாம். வீட்டுல வந்து சொன்னேன். நீ ஒண்ணும் பயப்படாதே, முதலாளி போனதடவை மாதிரியே பார்த்துக்கிடுவார்னும் சொன்னேன்.

ஆவுடையம்மா பீடிக்கு நூல் கட்டுறதை நிப்பாட்டிட்டாள். "இந்தத் தடவை நீங்களே போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அவளுக்கு என்ன ராங்கி பாருங்க. போனதடவை அவள்தான் வாங்கிட்டு வந்து கொடுத்துக்கிட்டு இருந்தாள். இப்ப பேங்க்ல நாற்காலி போட்டு உட்கார வச்சதுல பெரிய ஆள் ஆயிட்டாள்லா, வாங்கப் போகக் கௌரவம் இடிக்குது. போகட்டும். நேத்து நானே முதலாளிகிட்ட பேசினேன். கல்லாவுல உட்கார்ந்து சில்லறை அடுக்கிக்கிட்டு இருந்தார். விசயத்தைச் சொன்னேன். நீங்க அன்னைக்கு வாராவாரம் வீட்டுக்குக் கொடுத்து விட்டீங்கல்லா, அதே மாதிரி கொடுத்து விட்டீங்கன்னா போதும், நான் வந்து உழைச்சுத் தீர்த்துருவேன்னு சொன்னேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்ப மாஸ்டர் கொடுத்து விட்டேன்? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தானே வாங்கிட்டு வந்தேன்?"

எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி. இத்தனை வருசம் ஆகியும் ஒத்துக்கிட மாட்டேங்கார். செஞ்சவன் நான்னு ஒரு வார்த்தை அவர் வாயில வரமாட்டேங்குது. வீட்டுல போய் அப்படியே சொன்னேன். கேட்டுக்கோ, இவர் மனுசன், உன் தம்பியும் இருக்கானேன்னு. அவள் சொளவை ஓரமா வச்சுட்டு, நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, என் கையைப் பிடிச்சு மணிக்கட்டுல தேய்ச்சுவிட்டாள். தேய்ச்சுக்கிட்டே இருந்தாள். போதும்னு நான்தான் கையை இழுத்துக்கிட்டேன்.

வர்ற வாரத்தில இருந்து நான் படுத்துருவேன். அதனால இந்தக் கை பரோட்டா உங்களுக்குக் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். வயித்தைக் கலக்குற டால்டா கிடையாது, சுத்தமான எண்ணெய். எத்தனை போடட்டும்? சால்னா அந்தத் தூக்குல இருக்கு, ஊத்திக்கிடுங்க.

துட்டை மட்டும் முதல்ல மேசையில வச்சுருங்க.